சாவி கொடுக்கும் பெட்டியைச் சீர்செய்ய வருகிறவர்களுக்கு

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வீடு கைமாறும்போது பல நேரம் ஒரு கிராமபோன் பெட்டியும் வெளியே வருகிறது. மாடிப்படிக்கு அடியிலிருந்து வரும், அலமாரி மேலிருந்து வரும், செபராங் பிறைத் தோட்டத்து வீட்டிலிருந்து மூட்டையோடு மூட்டையாகப் படகேறியும் வரும். தாத்தாவுடையது என்று ஒரு தம்பி தூக்கி வருகிறார். சந்தையில் கண்ணில் பட்டது, விட மனசில்லை என்று ஒரு தங்கச்சி வருகிறார். இது மறுபடி பாடுமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

பாடும். மின்சாரமே வேண்டாம், சுருட்டி வைத்த எஃகுத் தகடு விரியும் விசையில் ஓடுகிற பொறி இது. அதைச் செய்தவர்கள் பழுது பார்ப்பதற்கென்றே திருகாணி வைத்துச் செய்தார்கள். ஆனால் வருகிறவர்களில் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வார்னிஷ் அடித்து, பித்தளையை மினுக்கிவிட்டு, மோட்டாரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சாவி கொடுத்துப் பார்க்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். உள்ளே இருப்பதை முழுதாகச் செய்யுங்கள், வெளியே இருப்பதைக் குறைவாகச் செய்யுங்கள். மோட்டாரைப் பாதி வேலையில் விட்டால் அது தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். மேற்பூச்சை ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டால் எவராலும் திருப்பித் தர முடியாது. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. சந்தைக்குக் காலையிலேயே போங்கள். லோரோங் கூலிட், நகர விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில். வெயில் ஏறுவதற்குள் நல்லது கைமாறிவிடும். பெட்டியைப் பார்த்ததும் விலை கேட்காதீர்கள், கைப்பிடியைப் பிடித்து நாலு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றச் சுற்றக் கை கனத்தால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. எத்தனை சுற்றினாலும் கை கனக்காமல் வெறுமனே சுழன்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அறுந்தது குற்றமல்ல, புது ஸ்பிரிங் இன்றும் செய்கிறார்கள். சுற்றும்போது உள்ளே ‘டொம்’ என்று ஓர் அடி விழுந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதுவும் தீரக்கூடியது. தீராதது எது என்றால், சாம்பல் நிறத்தில் வார்த்த துத்தநாகக் கலவைப் பாகங்களில் மெல்லிய வெடிப்புகள். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயக் கலப்பு இருந்தால், ஆண்டுகள் போகப்போக அது உள்ளுக்குள்ளேயே உப்பி விரிசல் விட்டுப் பொடியாகும். பசை போட்டு ஒட்ட முடியாது. ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸின் பின்பக்கத்தையும் அதைத் தாங்கும் பாட்டுக்கையின் அடிப்பாகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வலைபோல விரிசல் இருந்தால் விலையைப் பாதியாக்கினாலும் யோசியுங்கள்.

2. பளபளவென்று பெரிய பித்தளைக் குழாய் வைத்த பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். தாமரை இதழ்போல விரிந்த குழாய், எட்டு மூலைப் பெட்டி, முன்னால் நாய் படம் போட்ட பித்தளைத் தகடு: இப்படி வருவதில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியவை. அடியில் கவிழ்த்துப் பாருங்கள். திருகாணித் தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். பழைய கம்பெனிகள் ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணிதான் போட்டன. கூட்டல் தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. மரத்தில் சாயம் மட்டும் பழுப்பாக இருக்கும், உட்பக்கம் புது மரத்தின் வெள்ளை. குழாய் பாட்டுக்கையோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும்.

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அந்தப் பொம்மைக்குள் இருக்கிற மோட்டார் பல நேரம் உண்மையானது. யாரோ ஒருவர் வீட்டில் பாடிக்கொண்டிருந்த கைப்பெட்டி கிராமபோனை உடைத்து, மோட்டாரை மட்டும் உருவி, மீதியைக் குப்பையில் எறிந்துவிட்டுத்தான் இதைக் கட்டுகிறார்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் இன்னொரு கைப்பெட்டி உடைபடும்.

தொடக்கக்காரருக்கு ஏற்றது அந்தக் கைப்பெட்டிதான். எச்.எம்.வி. 102 என்ற மாடல் 1931இல் வந்தது, கால் நூற்றாண்டுக்கு மேல் செய்தார்கள். அதற்கு முந்தியது 101, 1925இல் வந்தது. கொலம்பியாவும் டெக்காவும் இதே மாதிரி செய்தன. ஒற்றை ஸ்பிரிங், எளிய மோட்டார், உதிரிப் பாகம் கிடைக்கும். முதல் பெட்டியாக இதை எடுங்கள்.

3. ஸ்பிரிங் பொறி என்றால் ஆசைப்படுகிற பையன்கள் சிலர் பழைய காற்றுத் துப்பாக்கியையும் சந்தையில் விசாரிக்கிறார்கள். வேண்டாம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், பழுது பார்க்கிறேன் என்பது பதிலாகாது. ஸ்பிரிங்கோடு பழக ஆசை என்றால் கிராமபோன் இருக்கிறது, சுவர்க் கடிகாரம் இருக்கிறது.

4. கழற்றும் முன் படம் எடுங்கள். கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் ஒரு படம். கழற்றியதை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். நீளம் மாறிய திருகாணியை மோட்டார் பலகையில் முடுக்கினால் அது மறுபக்கம் வந்து ஏதாவது ஒரு சக்கரத்தில் இடிக்கும். திருப்புளியின் நுனி திருகாணி வெட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்வான திருப்புளி வெட்டை வழித்துவிடும். வழித்த தலைகளைப் பார்த்தாலே முன்னால் கைவைத்தவர் அவசரக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம்.

5. இதுதான் மிக முக்கியம். மோட்டாரைத் தொடும் முன் ஸ்பிரிங்கின் விசையை முழுதாக இறக்குங்கள். சுழல்தட்டை ஓடவிட்டு, அது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றுவிட்டது என்பதற்காக விசை போய்விட்டது என்று நம்பாதீர்கள். காய்ந்த கிரீஸ் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும், பாதி விசை அதற்குள் பதுங்கியிருக்கும். தட்டைக் கையால் ஓடும் திசையில் தள்ளித் தள்ளிச் சுற்றுங்கள். எங்காவது ‘டொம்’ என்று விட்டுக்கொடுத்து மறுபடி தானாக ஓடினால், விசை இன்னும் இருக்கிறது. எதுவும் இழுக்காத நிலை வரும்வரை விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விசை இருக்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் மோட்டாரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மொத்த விசையும் ஒரே மூச்சில் விடுபட்டு, சக்கரங்கள் அலறிக்கொண்டு சுழன்று, பல் மழுங்கிப் போகும். விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும்.

ஸ்பிரிங் டப்பாபோன்ற ஓர் உருளைக்குள் இருக்கிறது. சுமார் ஓர் அங்குல அகலமும் பத்தடி அளவு நீளமுமான எஃகுத் தகடு அந்தச் சின்ன உருளைக்குள் சுருண்டு கிடக்கிறது. சாவி கொடுக்காத நிலையிலும் அதில் விசை உண்டு. உருளையின் மூடியைத் திறந்து அதை வெளியே எடுப்பதை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். செய்து பழகியவர் பக்கத்தில் இருக்கட்டும். கனத்த தோல் கையுறை, கண்ணாடி, நீளக் கை சட்டை. உருளையைத் தடித்த துணியில் சுற்றி முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, உள்முனையைப் பிடித்து ஒரு சுற்று வெளியே விடுங்கள், பிடியுங்கள்; அடுத்த சுற்று, பிடியுங்கள். ஒரு கை எப்போதும் மிச்சச் சுருளை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது. அலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

திரும்பப் போடும்போது வெளிமுனையின் துளையை உருளைக்குள் இருக்கும் கொக்கியில் மாட்டி, அங்கிருந்து சுற்றுச் சுற்றாக உள்ளே அனுப்ப வேண்டும். எந்தத் திசையில் சுருண்டிருந்தது என்பதற்கு நீங்கள் எடுத்த படம் இப்போது உதவும். அறுந்த ஸ்பிரிங் வெளிமுனைக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால், நுனியை மட்டும் நெருப்பில் காட்டி இளக்கி, புதுத் துளை போட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். நடுவில் அறுந்தால் புதிதுதான். அகலம், கனம், நீளம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். இருமுனைகளின் வடிவத்தையும் பாருங்கள்.

6. பழைய கிரீஸைக் கழுவ மண்ணெண்ணெய் போதும். வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் காற்றோட்டமாக உட்கார்ந்து செய்யுங்கள், வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கறுப்புக் களியாக வருவது அந்தக் காலத்துக் கிராஃபைட் கிரீஸ். ஸ்பிரிங்கைத் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு எடுத்து, முழுதாக உலர வைத்துவிட்டுப் புதுக் கிராஃபைட் கிரீஸைத் தகட்டின் இருபக்கமும் மெலிதாகப் பூசுங்கள். அப்பிவிட வேண்டாம். அதிகமாகப் போட்டது இந்த ஊர் வெக்கையில் இளகி உருளையின் ஓரத்தால் வழிந்து பெட்டிக்குள் இறங்கும்.

சக்கர அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் கீச்சிடும் கதவுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான், கிராமபோனுக்கும் அதையே விட்டிருப்பார்கள். அன்றைக்கு நன்றாக ஓடும். சில மாதத்தில் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வரும் பெட்டிகளில் நின்றுபோன மோட்டார்களில் பலவற்றுக்கு வேறு நோயே இல்லை, இந்தப் பிசின்தான்.

7. கவர்னர் என்பது மூன்று சிறு குண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய எஃகுப் பட்டையில் தொங்கிச் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், விரிந்தால் ஒரு வட்டத்தகடு நகர்ந்து தோல் பட்டையில் உரசும், உரசல் வேகத்தைக் குறைக்கும். இவ்வளவுதான். ஆனால் பாட்டு நேராக நிற்பதும் அலைவதும் இதன் கையில். மூன்று பட்டைகளில் ஒன்று ஒடிந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி வளையாது, சுருதி ஆடும். உரசுகிற தோலில் எண்ணெய் ஊறியிருக்க வேண்டும். காய்ந்த தோல் கிறீச்சிடும், தட்டு நடுங்கும். நாதசுர இசைத்தட்டில் நீண்ட சுரம் ஒன்று நடுங்கினால் வித்வானைக் குறை சொல்லாமல் முதலில் இந்தத் தோலைப் பாருங்கள்.

8. சவுண்ட் பாக்ஸை ‘பேசுகிறது, போதும்’ என்று விடாதீர்கள். ஊசியின் அசைவை ஒலியாக்குவது அதற்குள் இருக்கிற மெல்லிய சவ்வு. பழையவற்றில் மைக்கா, பிந்தியவற்றில் அலுமினியம். சவ்வைச் சுற்றி இருபக்கமும் ரப்பர் வளையம் உண்டு. இந்த ரப்பர் இத்தனை ஆண்டில் கல்லாகியிருக்கும். கல்லான ரப்பருக்கு நடுவில் சவ்வு அசைய முடியாது. அதனால்தான் பாட்டு தகரத்தில் தட்டியதுபோல வருகிறது, உச்சத்தில் கரகரக்கிறது. உள்ளே அளவு பொருந்துகிற மென்மையான ரப்பர்க் குழாயை வெட்டி வளையமாக்கிப் போடலாம். முனைகள் இரண்டும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். மைக்காவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அடுக்குப் பிரிகிறது, மாற்றுங்கள். ஊசித்தண்டு சவ்வின் நடுவில் சேரும் திருகில் ஒரு துளி தேன்மெழுகை உருக்கி விடுங்கள், காற்றுக் கசிவு நிற்கும். ஊசித்தண்டு தன் இருக்கையில் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. இந்த வேலைக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். மோட்டார் வேலையெல்லாம் சேர்ந்து தருகிற மாற்றத்தைவிட இது தருகிற மாற்றம் காதுக்கு அதிகம் தெரியும்.

9. பாட்டுக்கை திரும்பும் மூட்டில் கெட்டியான வாஸ்லின். அங்கே காற்று கசிந்தால் மிருதங்கத்தின் தொப்பி கேட்காது.

10. கைப்பெட்டியின் மேலே ஒட்டியிருப்பது ரெக்சின் துணி. ஈரம் பிழிந்த துணியில் மென்சோப்பு தொட்டுத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். பூசணம் பிடித்த மூலைகளை வெயிலில் காட்டலாம், உச்சி வெயிலில் வேண்டாம், ஒட்டுப்பசை விட்டுவிடும். வெளுத்த கறுப்புக்குக் கறுப்புச் சப்பாத்து மெழுகே போதும். புதுத் துணி ஒட்டுவது கடைசி வழி.

நிக்கல் முலாம் பூசிய பாகங்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது, புள்ளிப் புள்ளியாகத் துரு இருக்கத்தான் செய்யும். எண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் துடையுங்கள். போவது போகும், மீதி இருக்கட்டும். முலாம் மயிரிழை கனம்கூட இல்லை, அதைக் கடந்துவிட்டால் கீழே இருக்கும் உலோகம் தெரியும். மூடிக்கு உள்ளே தங்க நிறத்தில் நாய் படமும் கம்பெனிப் பெயரும் இருந்தால் அதை ஈரத்துணியால்கூடத் தொட வேண்டாம். ஸ்பிரிட்டும் பாலிஷும் பட்டால் ஒரே இழுப்பில் போய்விடும்.

11. மேசைப் பெட்டி, நிற்கும் அலமாரிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மரவேலை உண்டு. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் பாழாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் இருக்கிற பூச்சு என்ன என்று பாருங்கள். கண்ணில் படாத அடி மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அவலரக்குப் பாலிஷ். அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் பழைய அரக்கு மேல் புது அரக்கு போட்டால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். சுரண்டி எடுக்கத் தேவையே இல்லை. அழுக்கை டர்பன்டைனால் துடையுங்கள், அது அரக்கைக் கரைக்காது. பிறகு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு என்ற கணக்கில் இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள். ஆறு மாதம் கிடந்த கரைசல் காயவே காயாது, விரல் ரேகை பதிந்துகொண்டே இருக்கும்.

பழைய வேட்டித் துணி இதற்கு மிகவும் நல்லது. பல முறை துவைத்ததால் பிசிறு விடாது. பஞ்சை அதில் பொதிந்து உருண்டையாக்கி, கரைசலில் நனைத்துப் பிழிந்து, அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக, எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்க்கும். மெலிதாக நாலு தடவை, நடுவில் உலர விடுதல், பிறகு மறுநாள். கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒருவர் ஆண்டுக்கணக்காகக் கை வைத்துத் தேய்ந்த இடம் இருக்கும், மூடியின் ஓரத்தில் நகம் பட்ட கீறல் இருக்கும். அவை இருக்கட்டும். அந்த வீட்டில் யார் சாவி கொடுத்தார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

பினாங்கில் இந்த வேலைக்கு ஒரு பகை ஈரக்காற்று. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூச்சு பாலாடை படிந்ததுபோல் வெளுக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் பாலிஷ் போட உட்காராதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு. பெரிய வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் வெயில் நன்றாக ஏறிய முற்பகல். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், உலர்ந்த ஒரு நாளில் ஸ்பிரிட் மட்டும் லேசாகத் தொட்ட பஞ்சு உருண்டையை ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

மரத்தோல் பெயர்ந்திருந்தால் வச்சிரப் பசையைச் சுடவைத்துப் போடுங்கள். அந்தக் காலத்தில் ஒட்டியதும் அதுதான், நாளை இன்னொருவர் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கவும் முடியும். இரண்டு நொடியில் ஒட்டும் புதுப் பசைகள் பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் நனைத்து எறியுங்கள். பலகையும் ஓடுமாக ஒட்டி ஒட்டி நிற்கிற நம் தெருக்களில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

12. எல்லாம் பூட்டியபின் வேகம் பாருங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 78 வர வேண்டும். பாட்டு ஓடும்போதே எண்ண வேண்டும், ஊசியின் பாரம் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். இன்னும் துல்லியமாகப் பார்க்க, 77 கோடு போட்ட வட்ட அட்டை ஒன்றைத் தட்டின்மேல் வையுங்கள். நம் மின்சாரம் 50 சுழற்சி. விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், நிமிடத்துக்கு 6000. அதை 77ஆல் வகுத்தால் 77.92. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இழை பல்பு அல்லது நியான் இரவு விளக்கின் கீழே பாருங்கள், பல எல்.இ.டி. விளக்குகளில் துடிப்பு தெரியாது.

1925க்கு முன் குழாயில் பாடிப் பதிந்த தட்டுகள் எல்லாமே 78இல் பதிந்தவை அல்ல. அவற்றை வேகத் திருகால் கூட்டிக் குறைத்துக் காதால் நிறுத்த வேண்டும். பாடகரின் குரல் மனிதக் குரலாக ஒலிக்கிற இடம் ஒன்று உண்டு, சுருதிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

13. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இதைச் சொன்னதும் எல்லாருடைய முகமும் மாறுகிறது, வீணாக்குகிறோம் என்று தோன்றுகிறது. விளக்கம் கேளுங்கள். தட்டின் கலவையில் அரக்கோடு கல்தூளும் சேர்த்திருக்கிறார்கள். சவுண்ட் பாக்ஸின் பாரம் அத்தனையும் ஊசி நுனியில் இறங்குகிறது. முதல் சில சுற்றுகளிலேயே அந்தக் கல்தூள் எஃகு நுனியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மூன்று நிமிடப் பாட்டு முடியும்போது நுனியின் இருபுறமும் உளிபோலக் கூராகியிருக்கும். அதே ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால் அது பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். தட்டில் சாம்பல் நிறத் தடம் கண்டிருப்பீர்களே, அது அப்படிச் செதுக்கிப்போன பாட்டு. ஊசி இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், விலை அதிகமில்லை. கே. பி. சுந்தராம்பாளின் குரல் இன்னொரு முறை அச்சாகப் போவதில்லை. 1933இல் மறைந்த கிட்டப்பாவின் குரலும் அப்படித்தான்.

சின்னத் தகர டப்பாவில் பழைய ஊசிகள் பெட்டியோடு வந்திருக்கும். துரு பிடித்ததையும் பயன்படுத்தியதையும் ஒதுக்குங்கள். டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். எல்.பி. தட்டையோ வினைல் தட்டையோ இந்தப் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். முதல் ஓட்டத்திலேயே நாசம்.

14. தட்டைக் கழுவ ஸ்பிரிட் தொடக் கூடாது. மேலே பாலிஷுக்கு அரக்கை எதில் கரைத்தோம்? தட்டும் அதே அரக்குதான், அதுவும் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான தூரிகை, பள்ளத்தின் போக்கில் வட்டமாக. நடுவில் இருக்கும் காகிதத்தை நனைக்காதீர்கள். உடனே துடைத்து, நிழலில் செங்குத்தாக உலர்த்துங்கள். வைப்பதும் செங்குத்தாக, படுக்க வைத்து அடுக்கினால் நம் வெக்கையில் வளைந்துவிடும். காகிதத்தின் மேல் கறையான் கண்ணாக இருக்கும், அட்டை உறைகளைத் தரையில் வைக்காதீர்கள்.

இந்தத் தட்டுகள் வந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். அரக்குப் பூச்சி வளர்வது இந்தியக் காடுகளில். தட்டு அச்சடிக்கும் ஆலை கல்கத்தாவின் சியால்தாவில் 1908இல் வந்தது, 1928இல் டம்டம்முக்கு மாறியது. காரைக்குடி மெய்யப்பச் செட்டியார், பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டூடியோ கண்டவர், சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டு வியாபாரத்தில்தான் கலைத் துறைக்குள் காலெடுத்து வைத்தார். 1944 தீபாவளியை ஒட்டி வந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் பாகவதர் பாட்டுகளும் இப்படிப்பட்ட தட்டுகளில்தான் வீடுகளுக்குள் வந்தன. இந்தியாவில் 1960களிலும் 78 தட்டு அச்சாகிக்கொண்டிருந்தது, அதனால் உங்கள் பாட்டி வீட்டு மூட்டையில் சிவாஜி, எம்.ஜி.ஆர். காலப் பாட்டுகளும் இருக்கலாம். தட்டின் நடுக்காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

15. பாட வைக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் சாவி கொடுங்கள். கை கனத்ததும் நிறுத்துங்கள், கடைசி முட்டுவரை முறுக்க வேண்டாம். வேலை முடிந்து மூடி வைக்கும்போது மிச்ச விசையை ஓடவிட்டு இறக்கிவிடுங்கள். முறுகிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் எஃகு சோர்ந்துபோகும்.

16. செய்ததை எழுதி வையுங்கள். ஓர் அட்டையில் பென்சிலால், தேதியோடு: எந்த அளவு ஸ்பிரிங் போட்டீர்கள், எந்தக் கிரீஸ், ரப்பர் வளையம் எத்தனை மில்லிமீட்டர், மரத்தில் எந்தப் பக்கம் மட்டும் புது அரக்கு, பெட்டி யார் வீட்டிலிருந்து வந்தது. கழற்றிய பழைய மைக்கா, கவர்னர் பட்டை, அறுந்த ஸ்பிரிங்கின் முனைத் துண்டு எல்லாவற்றையும் சிறு உறையில் போட்டுப் பெயர் எழுதி, அட்டையோடு சேர்த்து மோட்டார் பலகைக்கு அடியில், எதிலும் உரசாத மூலையில் கட்டி வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அளவு எடுக்க அதுதான் மாதிரி.